பேய்க்கு ஒரு குறுக்கு விசாரணை!

கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவரை வக்கீல் லேசில் விடுவதில்லை.

"நேரில் பார்த்தாயா? எத்தனை மணி? எவ்வளவு தூரத்தில் நின்றாய்? விளக்கு வெளிச்சம் இருந்ததா?" என்று துருவித் துருவிக் கேட்கிறார். நாலு கேள்வி போவதற்குள் பல சாட்சிகளுக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

ஆனால் பேய்க்கதை சொல்கிறவரை மட்டும் நாம் ஒன்றும் கேட்பதில்லை. வாயைத் திறந்துகொண்டு கேட்கிறோம். பிறகு விளக்கை அணைக்கப் பயப்படுகிறோம்!

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர்கள். பேய்க்கதைக்கு வேண்டிய எல்லாச் சாமான்களும் இங்கே உண்டு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று பெரிய பெரிய ஏரிகள். பழைய சாலை ஓரத்தில் புளியமரங்கள். நடுவே ரெயில் பாதை. தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது இந்த வழியாகத்தான்.

போதாததற்கு, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதோடு ராத்திரி ஷிப்டும் வந்தது. நடுராத்திரி டீ குடிக்கும் நேரத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும்? பேய்க்குத்தான் போகும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சாமி சங்கதி வேறு, பேய் சங்கதி வேறு. யாருடைய கும்பிடும் இங்கே விவகாரம் இல்லை. விசாரணை பேய் மீது மட்டும்தான்.

"நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்!"

முதல் கதை, எல்லோருக்கும் தெரிந்த கதை.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். சாலையில் தனியாக ஒரு பெண். வெள்ளைப் புடவை. தலை நிறைய மல்லிகைப்பூ. "அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள், அண்ணா" என்கிறாள். இவரும் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொள்கிறார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பின் சீட்டு காலி! மறுநாள் விசாரித்தால், அந்த இடத்தில் லாரி மோதி இறந்த பெண்ணாம் அவள்!

எங்கே நடந்தது? அம்பத்தூரில் கேட்டால் தொழிற்பேட்டைப் பக்கம் என்பார்கள். ஆவடியில் கேட்டால் ஏரிக்கரை என்பார்கள். பூந்தமல்லியில் கேட்டால் பைபாஸ் ரோடு.

யார் பார்த்தது? "என் சிநேகிதனுடைய மாமா." சரி, அந்த மாமாவிடம் போவோம். "நான் இல்லை, எங்கள் ஆபீசில் ஒரு டிரைவர்" என்பார் அவர். டிரைவரைத் தேடிப் போனால், அவர் வேலையை விட்டுப் போய் வெகு நாள் ஆகியிருக்கும். சாட்சிக்குப் பெயர் இல்லை. சம்பவத்துக்குத் தேதி இல்லை. லாரி மோதி இறந்தவள் என்றால் போலீசில் ஒரு பதிவு இருக்க வேண்டுமே? அதைக் கேட்டவரும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பெண் நம் ஊர்க்காரி மட்டும் அல்ல. அமெரிக்காவில் ரிச்சர்டு பியர்ட்ஸ்லி, ரோசலி ஹாங்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே கதையைத் தேடிச் சேர்த்தார்கள். 1942-ல் வெளியிட்டார்கள். எத்தனை கதை தெரியுமா? 79! ஊர் வேறு, சாலை வேறு, சட்டை வேறு. ஏறுவதும் மறைவதும் மட்டும் ஒன்றே.

நம் தாத்தா காலத்தில் மோகினி லிப்ட் கேட்கவில்லை. வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். இப்போது வெற்றிலை போடும் ஆண்பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். மோகினியும் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டாள்!

ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் திருப்பிச் சொன்னால், சாட்சி ஒன்பது ஆகிவிடாது. சாட்சி ஒன்றுதான். அந்த ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், சாட்சியே இல்லை.

தேதியைக் கேளுங்கள்!

பேய் இல்லாத ஒரு கதையைப் பார்ப்போம். கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது அதில் நன்றாகத் தெரியும்.

"ஆவடி என்பது ஊர்ப்பெயரே அல்ல. கவச வண்டிகள், ராணுவ டிப்போ என்று வரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர்" என்று பலரும் சொல்வார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. டாங்கி செய்யும் ஊர்தானே!

ஆனால் தேதியைப் பாருங்கள். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியில் ஏற்பட்டது 1961-ல். முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது 1965-ல். ஆனால் 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்குப் பெயரே 'ஆவடி தீர்மானம்'. தொழிற்சாலை வருவதற்கு 6 வருஷம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. தொழிற்சாலை எப்படிப் பெயர் வைத்திருக்கும்?

பகல் வெளிச்சத்தில், லட்சக்கணக்கான ஜனங்கள் வாழும் ஊரின் பெயரிலேயே இப்படி ஒரு கதை உலாவுகிறது. இருட்டில் ஒருவர் பார்த்த சங்கதி எவ்வளவு தூரம் வளரும்!

வெள்ளைப் புடவை ஏன்?

பேய் எப்போதும் வெள்ளைப் புடவைதான் கட்டுகிறது. பச்சைப் புடவைப் பேய், கட்டம் போட்ட புடவைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. ஏன்?

நம் கண்ணுக்குள் இரண்டு வகை அணுக்கள் இருக்கின்றன. ஒரு வகை பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும். நிறத்தைப் பிரித்துச் சொல்லும். இன்னொரு வகை இருட்டில் வேலை செய்யும். அதற்கு நிறம் தெரியாது. வெளுப்பு, கறுப்பு மட்டுமே தெரியும். ஆகவே நிலா வெளிச்சத்தில் மஞ்சள் புடவையும் வெளுப்பு, இளநீலச் சட்டையும் வெளுப்பு. இருட்டில் கண் சரியாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிஷம் பிடிக்கும். வெளிச்சமான தொழிற்சாலையில் இருந்து நேரே இருட்டுச் சாலைக்கு வருகிறவரின் கண் அரைக் குருடுதான்.

தெளிவாகத் தெரியாததை மூளை அப்படியே விட்டுவிடாது. தானே பூர்த்தி செய்துகொள்ளும். மேகத்தில் யானையைக் காட்டுவதும், சுவர்க் கறையில் முகத்தைக் காட்டுவதும் அதே மூளைதான். சுண்ணாம்பு அடித்த மைல் கல்லும், வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் பையும் ராத்திரி ஒரு மணிக்குப் பெண்ணாகத் தெரிந்தால் ஆச்சரியம் என்ன?

வெள்ளைப் புடவைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் தாலி இழந்த பெண்ணுக்கு வெள்ளைப் புடவையைக் கட்டி, எதிரே வந்தாலே சகுனம் சரியில்லை என்று ஒதுக்கினார்கள். உயிரோடு இருந்தவளைப் பார்த்தே பயந்த ஊர், பேய்க்கு வேறு எந்தப் புடவையைக் கட்டும்?

நடுராத்திரியில் மல்லிகை வாசனை வந்தால் மோகினி வருகிறாள் என்பார்கள். வாசனை வருவது மெய்தான். மரமல்லி ராத்திரியில்தான் பூக்கும். பவழமல்லியும் அப்படியே. ஏழிலைப்பாலை மரம் பூத்தால் தெருவே மணக்கும். ராத்திரியில் பறக்கும் விட்டில் பூச்சிகளை அழைப்பதற்காக இந்தப் பூக்கள் வாசனை விடுகின்றன. பூந்தமல்லிக்குப் பழைய பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி காஞ்சிபுரம் வரதராஜருக்கு மாலை கட்டிய ஊர். பெயரிலேயே பூ இருக்கும் ஊரில் பூ வாசனை வரக்கூடாதா?

பாழடைந்த கட்டடத்தில் அலறல் கேட்டால் முதலில் கூகையைத் தேடுங்கள். முகம் வட்டமாக, வெளுப்பாக இருக்கும். பறக்கும்போது சத்தமே வராது. கத்தினால் மனிதர் அலறுவது போலவே இருக்கும். பழைய கட்டடம்தான் அதற்கு வீடு. மாடியில் யாரோ நடக்கும் சத்தமா? மரநாயாக இருக்கலாம். ராத்திரியில்தான் அது இரை தேடிப் புறப்படும்.

சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் டிமான்டி காலனி என்று ஓர் இடம். ஜான் டிமான்டி என்ற போர்ச்சுக்கீசிய வியாபாரியின் பெயர் அதற்கு. அவர் 1821-ல் இறந்தார். சொத்துக்களைத் தேவாலயத்துக்கு எழுதி வைத்தார். அங்கே வீடுகள் பல வருஷம் ஆள் இல்லாமல் கிடந்தன. பேய்க்கதை கிளம்பிவிட்டது. 2015-ல் அதே பெயரில் சினிமாவும் வந்தது. "பேய் இருப்பதால்தான் வீடு காலி" என்கிறார்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள். வீடு காலியாக இருந்தது, அதனால் பேய் வந்தது! எந்த ஊரிலும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத்தான் பேய் குடி வருகிறது. வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு வருவதில்லை.

பாதி விஞ்ஞானமும் வேண்டாம்!

"புளியமரத்துக்கு அடியில் படுத்தால் பேய் அமுக்கும்" என்பார் பாட்டி. "அது பேய் அல்ல பாட்டி, மரம் ராத்திரியில் கரியமில வாயு விடுகிறது, மூச்சு முட்டுகிறது" என்பான் பள்ளிக்கூடத்துப் பேரன். பேரன் சொல்வதைக் கேட்டு வீடே பெருமைப்படும்.

பேரன் சொல்வதும் சரி அல்ல!

மரம் ராத்திரியில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் அது திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். மூச்சு முட்டும் அளவு அங்கே சேராது. ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சில் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு இருக்கிறது. அப்படியானால் மூடிய அறையில் நாலு பேர் படுத்தால் நாலு பேரையும் பேய் அல்லவா அமுக்க வேண்டும்?

பேயை விரட்டிவிட்டு, அந்த நாற்காலியில் இன்னொரு கட்டுக்கதையை உட்கார வைப்பதில் லாபம் இல்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி வருவதையும் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

அமுக்குவது எது, பின்னே? அது தூக்கத்தில் உண்டாகும் ஒரு நிலை. கனவு காணும் நேரத்தில் மூளை நம் கை, கால்களைக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காக! சில சமயம் கண் விழித்துவிடும், கட்டு மட்டும் அவிழாது. அசைய முடியாது. கத்த முடியாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அறையில் ஓர் உருவம் கூடத் தெரியும். சில வினாடியிலோ, ஓரிரு நிமிஷத்திலோ சரியாகிவிடும். ஆபத்து இல்லை.

தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் சூனியக்கிழவி என்கிறார்கள். ஜப்பானிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அங்கெல்லாம் புளியமரம் இல்லை!

பேய் வீட்டைச் சரிசெய்த கொத்தனார்

இது அமெரிக்காவில் நடந்தது. வில்மர் என்ற கண் டாக்டர் 1921-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்.

ஒரு குடும்பம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனது. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தலைவலி, சோர்வு. குழந்தைகள் வெளுத்துப் போனார்கள். செடிகள் வாடின. ராத்திரியில் காலடிச் சத்தம். யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பது போன்ற உணர்வு. உருவங்கள் கூடத் தெரிந்தன. பேய் வீடு என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

கடைசியில் அடுப்பைச் சோதித்தார்கள். வீட்டுக்கு வெப்பம் தரும் அடுப்பு பழுதாகி, புகை வெளியே போகாமல் அறைகளில் நிறைந்திருந்தது. அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. மூளையைக் கலக்கும். அளவு கூடினால் ஆளைக் கொல்லும். அடுப்பைச் சரிசெய்தார்கள். பேய்கள் மூட்டை கட்டிக்கொண்டன!

அந்தக் குடும்பம் மந்திரவாதியைக் கூப்பிட்டுத் தாயத்துக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருந்திருந்தால்? பேய் வீடு பிண வீடு ஆகியிருக்கும். நம் ஊரில் கதவை மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவது, ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டுவது, காற்றுப் போக வழி இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பது எல்லாம் இதே ஆபத்துத்தான்.

பேய் இல்லை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. பேய் நின்றதாகச் சொல்லும் இடத்தில் சில சமயம் வேறு ஏதோ ஒன்று நிஜமாகவே நிற்கிறது. பேய்க்கதை அதை மறைத்துவிடுகிறது. அடுத்த ஆளையும் அது அடிக்கிறது.

ஏரி பலி கேட்குமா?

"இந்த ஏரி வருஷம் ஒரு பலி கேட்கும்." இந்தப் பேச்சு இல்லாத ஏரிக்கரை உண்டா?

கணக்கைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஆவடியில் மட்டும் சுமார் 3.45 லட்சம் ஜனங்கள். கோடை விடுமுறையில் எத்தனை பிள்ளைகள் ஏரியில் குதிக்கிறார்கள்! நீந்தத் தெரிந்தவன் எத்தனை பேர்? இத்தனை பெரிய ஊரில் ஒரு வருஷத்தில் ஒரு விபத்து நடப்பதற்குப் பேய் வேண்டியதில்லை. யாரும் சாகாத வருஷமும் உண்டு. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. நடந்தது நினைவில் நிற்கும். நடக்காதது நிற்காது.

"நன்றாக நீந்துகிறவனையும் காலைப் பிடித்து இழுத்ததே!" என்பார்கள். எது இழுத்தது? ஏரிக்குள் மண் அள்ளிய பள்ளம். கோடையில் மண் எடுக்கிறார்கள். மழையில் தண்ணீர் நிரம்பியதும் பள்ளம் மறைந்துவிடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் விழுகிறான். அடியிலே சேறு. ஆகாயத்தாமரை வேர் காலைச் சுற்றுகிறது. ஒருவன் முழுகினால் மற்றவன் கையைப் பிடிக்கப் போகிறான். இரண்டு பேரும் போகிறார்கள்.

கரையில் இருப்பவர்கள் தண்ணீரில் குதிக்கக் கூடாது. கயிறு, புடவை, நீளமான கழி, எது கிடைத்தாலும் நீட்டுங்கள். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை வீசினால் கூட ஆளைத் தாங்கும்.

பாழுங்கிணற்றுக் கதை இதை விடக் கொடியது. ஒருவர் தூர் எடுக்க இறங்குகிறார். சத்தம் இல்லை. தம்பி பார்க்க இறங்குகிறான். அவனும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இறங்குகிறார். மூன்று பேரும் பிணம். "கிணற்றில் முனி இருக்கிறது. மூன்று பலி வாங்கிவிட்டது!"

முனி அல்ல, காற்று. மூடிக் கிடந்த கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பிராணவாயு குறைந்துவிடும். விஷ வாயு சேர்ந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அது அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவார். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. எரியும் வாயு இருந்தால் வெடித்துவிடும். ஒருவர் விழுந்துவிட்டால் இரண்டாமவர் இறங்கவே கூடாது. 101 அல்லது 112-க்குப் போன் செய்து தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முனி மீது பழியைப் போட்டால், ஆளை இறக்கியவர் மீது வழக்கு யார் போடுவது?

பேய் பிடித்த பெண்

இதை எழுதும்போது கேலி வரவில்லை.

ஒரு பெண் தலையை விரித்துப் போட்டு ஆடுகிறாள். ஆண் குரலில் பேசுகிறாள். மாமியாரை "வாடி, போடி" என்கிறாள். பேய் பிடித்துவிட்டது!

இசபெல் நபோகோவ் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் தென்னார்க்காடு பகுதியில் தங்கி, பேய் ஓட்டுவதை நேரில் பார்த்து, 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் புதிதாகக் கல்யாணம் ஆன பெண்கள் நிறையப் பேர் என்று அவர் கவனித்தார். பிடித்த பேய்களோ, பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் உயிரை விட்ட வாலிபர்கள்!

யோசித்துப் பாருங்கள். தெரியாத வீடு, தெரியாத ஆட்கள். அழக் கூட இடம் இல்லை. மருமகளாகப் பேசினால் அடக்கம் இல்லாதவள் என்பார்கள். பேயாகப் பேசினால் வீடே கை கட்டி நின்று கேட்கிறது. அவள் நடிக்கிறாள் என்று சொல்லவில்லை. மனம் தாங்க முடியாத பாரத்தை உடம்பு இப்படிக் கொட்டிவிடுகிறது. பலருக்கு அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது.

வேறு சிலருக்கு அது வலிப்பு நோய். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வரும் மனக்கலக்கம். கையில் குழந்தையோடு இருக்கும் தாய்க்கு அது உடனே கவனிக்க வேண்டிய நோய். வேப்பிலை அடியும், மிளகாய்ப் புகையும், சவுக்கடியும் நோயைத் தீர்க்காது. நாளைத்தான் கடத்தும்.

2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குணம் கிடைக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளை ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2017-ல் வந்த மனநலச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. இப்போது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை இலவசமாகத் தமிழிலேயே கிடைக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அம்பத்தூரில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். பூசாரி வீட்டுக்குப் போகும் தூரம்தான்.

"நாளை வா!"

1990-களில் பெங்களூர்ப் பக்கம் ஒரு பேய் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவதாகப் பேச்சு. ஜனங்கள் கதவில் "நாளை வா" என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். பேய் வந்து படிக்குமாம். "சரி, நாளை வருகிறேன்" என்று போய்விடுமாம். மறுநாளும் வரும். மறுநாளும் அதே எழுத்து!

எழுதியவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆகவே எழுத்துக்குச் சக்தி உண்டு என்றார்கள். எழுதாத வீட்டுக்காரரும் பிழைத்துத்தானே இருந்தார்? அதை யார் எண்ணினார்கள்? படிக்கத் தெரிந்த பேய்க்குத் தேதி பார்க்கத் தெரியவில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்தியவர். மந்திரம், மாயம், பேய் ஏதாவது ஒன்றைச் சோதனையில் நிரூபித்துக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை.

பூசணிக்காய் உடைக்கும் இடம்

கடைசியாகச் சாலைக்கு வருவோம்.

ஒரே வளைவில் இரண்டு, மூன்று விபத்து நடந்துவிட்டால், "அங்கே ஏதோ இருக்கிறது" என்கிறார்கள். அங்கே ஏதோ இருப்பது மெய்தான். எரியாத தெரு விளக்கு இருக்கும். மண் சரிந்த ஓரம் இருக்கும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை இருக்கும். எதிரே வருவது தெரியாமல் மறைக்கும் விளம்பரப் பலகை இருக்கும்.

தண்டவாளமும் அப்படியே. "ரெயில் பாதை ஆளை இழுக்கிறது" என்பார்கள். அம்பத்தூர், ஆவடி வழியில் பல தடங்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. ஒரு ரெயில் கடக்கட்டும் என்று நின்றவர், அது போனதும் நடக்கிறார். அதன் இரைச்சலில் அடுத்த தடத்தில் வரும் ரெயில் அவர் காதில் விழுவதில்லை. காதில் பாட்டுக் கருவியும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சர்க்காரிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், 3 வருஷத்தில், உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துக்கள் நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அந்த இடத்தைக் கரும்புள்ளி என்று குறிக்கிறார்கள். குறித்தால் சாலையைத் திருத்த வேண்டும், விளக்குப் போட வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து தேதிகளோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

தேதிகளை யார் குறித்து வைக்கிறார்கள்? அமாவாசை ராத்திரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய பூசணிக்காயைச் சூடம் ஏற்றி, குங்குமம் தடவி, அந்த வளைவின் நடுவிலேயே போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். விளக்கு இல்லாத இடம். விடியற்காலையில் பால் பாக்கெட்டோடு மொபெட்டில் வருகிறவர் அந்தத் துண்டின் மீது சக்கரத்தை ஏற்றி வழுக்கி விழுகிறார். கை முறிகிறது.

அடுத்த அமாவாசைக்கு அதே இடத்தில் இன்னொரு பூசணிக்காய்!